ஆறாம் ஆண்டில் தங்கப் பதக்கம். நான்காம் படிவத்தில் என்ன?

சமூகப் பக்கங்களைப் படிக்கும் எவருக்கும் அந்தப் படம் பழக்கமானது. தமிழ்ப்பள்ளிச் சீருடையில் நான்கைந்து பிள்ளைகள், கழுத்தில் பதக்கம், கையில் அட்டையும் குழாயும் கொண்டு செய்த ஒரு கருவி, பக்கத்தில் பொறுப்பாசிரியர், பின்னால் தலைமையாசிரியர். 'அனைத்துலகப் புத்தாக்கப் போட்டியில் தங்கம்' என்று தலைப்பு. கடந்த பல ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளிகள் அறிவியலில் காட்டிவரும் ஆர்வம் உண்மையானது. ஏ.எஸ்.டி.ஐ. எனப்படும் அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்தி வந்த அறிவியல் விழா, சிறிய தோட்டப் பள்ளிகளையும் பரிசோதனைப் பக்கம் இழுத்து வந்தது. தீயணைப்பு நிலையம் எங்கே என்று கேட்டால் தெரியாத பிள்ளைகூட, 'மாறி', 'கருதுகோள்' என்று அறிவியல் விழா மேடையில் விளக்கம் சொன்னது.

அதே பிள்ளையை நான்கு ஆண்டு கழித்துத் தேடிப் பாருங்கள். படம் இருக்காது. பெரும்பாலும் கருவியும் இருக்காது.

நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாமே ஆறாம் ஆண்டோடு முடிபவை. அதன் பிறகு பிள்ளைகள் தேசிய இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். ஒரு வகுப்பில் நான்கு பேர், இன்னொரு வகுப்பில் இரண்டு பேர். ஆறு ஆண்டுகள் ஒரு பிள்ளையைச் சுற்றி நின்ற வாரியமும், பெற்றோர் ஆசிரியர் சங்கமும், முன்னாள் மாணவர் சங்கமும், கோயில் நிர்வாகமும் அந்த வாசலோடு நின்றுவிடுகின்றன. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு விடியற்காலையில் எழுந்து பிரியாணி சமைத்துக் கொடுத்த அம்மாவுக்கு, மகன் படிக்கும் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் ஆசிரியர் பெயர் தெரியாது. அங்கே சங்கக் கூட்டம் மலாய் மொழியில் நடக்கிறது, பேசத் தயக்கம், போவதில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அழைத்துப் பக்கத்தில் உட்கார வைக்க அங்கே ஆள் இல்லை.

சொல் மாறும்போது

தமிழ்ப்பள்ளியில் 'உராய்வு' என்று படித்தது படிவம் ஒன்றில் 'கெசெரான்' ஆகிறது. 'அடர்த்தி' 'கெதும்பாதான்' ஆகிறது. 'ஒளிச்சேர்க்கை' 'ஃபோத்தோசிந்தெசிஸ்' ஆகிறது. இருமொழிப் பாடத்திட்டம் உள்ள பள்ளியானால் ஆங்கிலம். கருத்து ஒன்றுதான், பெயர்தான் வேறு என்று பெரியவர்களுக்குத் தெரியும். 13 வயதுப் பிள்ளைக்கு அது தெரிவதற்குள் ஓராண்டு போய்விடுகிறது. வகுப்பில் கை தூக்கிப் பதில் சொன்ன பிள்ளை, சொல் தெரியாததால் பேசாமல் இருக்கப் பழகுகிறது. 'தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்ததால் பின்தங்கிவிட்டது' என்று யாரோ ஒருவர் சொல்ல, வீட்டிலும் அதை நம்பிவிடுகிறார்கள்.

இந்த ஓராண்டுக்கு ஒரு சிறு பாலம் போதும். ஆறாம் ஆண்டு முடிந்த விடுமுறையில், அதே தமிழ்ப்பள்ளி வகுப்பறையில், இருநூறு அறிவியல் சொற்களை மூன்று மொழிகளிலும் வைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு செய்முறையோடு நடத்தினால் போதும். அதை நடத்த ஆசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. அந்த மாற்றத்தைத் தாண்டி வந்த நான்காம் படிவ மாணவரே பொருத்தமானவர். தமிழ்ச்சொல்லும் அவருக்குத் தெரியும், மலாய்ச்சொல்லும் தெரியும், எங்கே தடுமாறினோம் என்பதும் நினைவில் இருக்கும்.

அந்தப் பத்துப் புள்ளி

தன்னார்வச் சேவை, அறிவியல் முகாம் என்றெல்லாம் பேசினால், 'முதலில் படிக்கட்டும்' என்பதுதான் பல வீடுகளில் வரும் பதில். அந்தப் பதிலில் நியாயம் உண்டு. ஆனால் கணக்கு அதை முழுதாக ஏற்கவில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. வழி விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளி நூற்றுக்குக் கணக்கிடப்படுகிறது. 90 புள்ளி தேர்வு முடிவுக்கு. 10 புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு. பள்ளியில் பி.ஏ.ஜே.எஸ்.கே. என்ற பெயரில் ஆசிரியர்கள் பதிவு செய்வது இந்த இரண்டாவது பகுதிக்குத்தான். சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு மூன்றிலும் வருகை, பொறுப்பு, பங்கெடுப்பு, வெற்றி எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. பள்ளி அளவு, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று உயர உயரப் புள்ளியும் உயரும். சமூகச் சேவைக்கும் அதில் இடமிருக்கிறது.

எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ-வும் அதற்கு மேலும் பெறுவோர் அனைவருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024 ஜூன் இறுதியில் பிரதமர் அறிவித்தார். நல்ல செய்தி. ஆனால் தோட்டத்திலிருந்தும் அடுக்குமாடி வீடமைப்பிலிருந்தும் வரும் பெரும்பாலான பிள்ளைகள் 10ஏ பிள்ளைகள் அல்லர். 5ஏ, 6ஏ பிள்ளைகள். அல்லது ஏ குறைவாகவும் பி நிறையவும் எடுக்கிற பிள்ளைகள். இடத்துக்கு நெருக்கடி அதிகமான துறைகளில் இவர்களை உள்ளே விடுவதும் வெளியே நிறுத்துவதும் ஒன்றிரண்டு புள்ளியாக இருக்கலாம். கல்வியில் இரண்டு புள்ளியைக் கூட்ட ஆண்டு முழுதும் டியூஷன் கட்டணம் கட்டுகிற குடும்பம், புறப்பாடத்தில் அதைவிட அதிகப் புள்ளியைப் புதன்கிழமை மத்தியானத்தில் விட்டுவிடுகிறது.

ஏன் விட்டுவிடுகிறது? வேன்.

பல பள்ளிகளில் புறப்பாட நடவடிக்கை புதன்கிழமை மத்தியானம். பள்ளி வேன் ஒரு மணிக்கோ ஒன்றரைக்கோ கிளம்பிவிடும். தோட்டம் 15 கிலோமீட்டர் உள்ளே. இரண்டாவது நடை வேண்டுமானால் தனிக் காசு. மத்தியானச் சாப்பாட்டுக்கும் காசு. வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்று மடங்கு. அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள்தான். அந்த நேரத்தில் அவர் வேலையில் இருப்பார். பெண் பிள்ளையானால் இன்னொரு கவலை சேர்ந்துகொள்ளும்: சாயங்காலம் ஆறு மணிக்குச் செம்பனைக் காட்டுச் சாலையில் தனியாக எப்படி வருவாள்? முகாம் என்றால் இரண்டு இரவு வெளியே தங்கல். 'வேண்டாம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்.' அடுத்த வருஷம் எஸ்.பி.எம். வந்துவிடும்.

சனி, ஞாயிறு மட்டும் என்ன, சும்மா இருக்கிறதா? மூன்றாம் படிவத்துக்குப் பிறகு நிறைய ஆண் பிள்ளைகள் கார் கழுவும் கடையிலும், வாழை இலை உணவகத்திலும், கல்யாணப் பந்தியிலும் வேலை செய்கிறார்கள். அது சோம்பலுக்கு எதிரானது, மதிக்க வேண்டியது. ஆனால் அந்த உழைப்புக்குப் புறப்பாடப் புள்ளி கிடையாது. வசதியான வீட்டுப் பிள்ளை அதே சனிக்கிழமை ரோபோட்டிக் வகுப்புக்குப் போகிறது, அதற்குச் சான்றிதழும் வாங்கிவிடுகிறது. பிள்ளைகளிடம் ஆர்வம் இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டு சனிக்கிழமைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

வாய்ப்பு எங்கே இருக்கிறது

வாய்ப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. கோலாலம்பூரில் தேசிய அறிவியல் மையம் 1996 முதல் இருக்கிறது. தேசியக் கோளரங்கம் 1994 முதல் இருக்கிறது. இரட்டைக் கோபுர வளாகத்தில் பெட்ரோசயின்ஸ். பினாங்கு கொம்தாரில் டெக் டோம். பெட்ரோசயின்ஸின் சிறு மையங்கள் ஜொகூர் பாரு, குவாந்தான், கூச்சிங், கோத்தா கினபாலு நகரங்களில் உள்ளன. இவற்றை ஒருநாள் சுற்றுலாவாக மட்டும் பார்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பேருந்து, சாப்பாட்டுப் பொட்டலம், வாசலில் ஒரு படம், திரும்புதல். போய் வந்த பிறகு பிள்ளை என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை.

காசு அதிகம் கேட்காத வழி போட்டிகள். மலேசிய அறிவியல் கழகம் தேசிய அறிவியல் சவால் போட்டியை நடத்துகிறது. மலேசிய வேதியியல் கழகம் தேசிய வேதியியல் புதிர்ப்போட்டியை நடத்துகிறது. தேசியக் கணித ஒலிம்பியாட் இருக்கிறது. இவற்றுக்குப் பெரும்பாலும் பள்ளி வழியாகத்தான் பதிவு. அதாவது ஆசிரியர் ஒருவர் மனம் வைத்துப் பெயர் கொடுக்கவேண்டும். ஆசிரியரின் பட்டியலில் முதல் வகுப்புப் பிள்ளைகள் தாமாகவே இருப்பார்கள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தானாகப் போய்க் கேட்டால்தான் பெயர் சேரும். 'சார், நானும் எழுதலாமா?' என்று மலாய் மொழியில் ஒரு வாக்கியம் கேட்கப் பிள்ளையைப் பழக்குவது பெற்றோர் செய்யக்கூடியது. அதற்குச் செலவும் கிடையாது.

நான்காம் படிவப் பாடத் தேர்வும் இங்கேதான் முடிவாகிறது. அறிவியல் பிரிவில் 60 விழுக்காடு, கலைப்பிரிவில் 40 விழுக்காடு என்ற கொள்கை 1970-இல் நடைமுறைக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகள் தாண்டியும் அந்த 60 கைக்கு எட்டவில்லை. 2020 முதல் பிரிவுகள் போய்ப் பாடத் தொகுப்புகள் வந்தன. சிறிய பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்தால் இயற்பியல், வேதியியல் தொகுப்பே திறக்கப்படாமல் போகலாம். புதிய பாடத்திட்டத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களுக்குச் செய்முறைத் தேர்வு தனித் தாள். கையால் தொட்டுச் செய்து பழகாத பிள்ளைக்கு டியூஷன் மையத்தின் அச்சுத் தாள் அங்கே அவ்வளவாக உதவாது.

சோம்பு வாசனையும் கூகைப் பெட்டியும்

தோட்டப் பிள்ளைக்கு அறிவியல் மையம் தூரம் என்பது பாதி உண்மைதான். அவன் தினமும் கடந்து போகும் செம்பனைக் காட்டுக்குள் நடப்பது நகரப் பிள்ளைக்குக் கிடைக்காத ஆய்வுக்கூடம்.

1981-க்கு முன்பு மலேசியச் செம்பனையில் மகரந்தச் சேர்க்கைக்குப் பெருமளவில் மனிதக் கையை நம்பினார்கள். ஆண் பூவின் தூளைச் சேர்த்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூங்கொத்தில் தூவ வேண்டும். நம் பாட்டிமார்கள் செய்த வேலை அது. பிறகு பூச்சியியல் அறிஞர் ஆர்.ஏ. சையத் கேமரூன் நாட்டில் ஆராய்ந்து, செம்பனையின் மகரந்தத்தைச் சுமப்பது காற்று மட்டுமல்ல, ஒரு சிறு கூன்வண்டும்தான் என்று காட்டினார். அரிசி மணி அளவுகூட இல்லாத அந்த வண்டு 1981-இல் ஜொகூரில் விடப்பட்டது. வெகு விரைவில் தீபகற்பம் முழுதும் பரவியது. கையால் தூவும் வேலை தேவையற்றுப் போனது. பூக்கும் ஆண் கொத்தில் சோம்பு போன்ற ஒரு வாசனை வரும். அந்த வாசனைதான் வண்டை அழைக்கிறது. பெண் பூவும் அதே வாசனையைச் சிறிது வெளியிட்டு, வண்டை ஏமாற்றித் தன்னிடம் வரவழைக்கிறது. பாட்டியிடம் ஒரு மணி நேரம் பேசி, பூக்கொத்தில் வண்டை எண்ணி, மழைக்கு முந்திய நாளும் மழைக்குப் பிந்திய நாளும் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொண்டால், அட்டையில் செய்த எந்தக் கருவியையும்விட வலுவான ஓர் ஆய்வு அது.

கூகையும் அப்படித்தான். எலியைக் கட்டுப்படுத்தப் பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். ஆந்தை அலறினால் ஆகாது என்று வீட்டில் சொல்வார்கள்; தோட்ட நிர்வாகம் அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறது! கூகை எலியை அப்படியே விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். கையுறை போட்டு, அந்த உருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் மண்டையோடுகளை எண்ணலாம். பெட்டிக்குக் கீழே பத்து உருண்டை பொறுக்கினால் உணவுச் சங்கிலிப் பாடம் முழுதும் மேசையில் வந்துவிடும். தோட்ட மேலாளரிடம் அனுமதி மட்டும் வேண்டும். அப்பாவின் கங்காணியோ மண்டோரோ ஒரு வார்த்தை சொன்னால் நடக்கிற காரியம்.

பால்மரத் தோட்டம் மிஞ்சியிருக்கும் இடங்களில் வேதியியல் வாளியிலேயே இருக்கிறது. பால் உறையாமல் இருக்க அம்மோனியா; உறைய வைக்க ஃபார்மிக் அமிலம். பால் வெட்டியவர்களுக்கு அந்த வாசனை பழக்கம். ஏன் ஒன்று காக்கிறது, இன்னொன்று கட்டியாக்குகிறது என்பதுதான் நான்காம், ஐந்தாம் படிவப் பாடப் புத்தகத்தில் வரும் கேள்வி.

கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் பக்கத்திலேயே உண்டு. 1940-இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகம் அங்கே இயற்கைப் பூங்காவைப் பல ஆண்டுகள் நடத்தியது. பள்ளிகளில் 'கெலாப் பென்சிந்தா ஆலாம்' என்ற பெயரில் அதன் கிளைக் கழகங்கள் உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வடக்கே திரும்பும் பருந்துகளை, போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானில் நின்று எண்ணுகிறார்கள். இங்கே அறிவியலும் தன்னார்வமும் ஒன்றுதான். எண்ணிச் சொல்கிறவர் ஊதியம் வாங்குவதில்லை. அந்த எண்ணிக்கையை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் போன்ற கைப்பேசிச் செயலிகளில் தோட்டத்திலிருந்தே பதிவு செய்யலாம். இணைய இணைப்பு கிடைக்கும் இடத்துக்கு வந்த பிறகு அனுப்பினால் சரி.

திரும்பிப் போகும் சேவை

மருத்துவராக வேண்டும் என்று சொல்லாத பிள்ளை நம்மிடையே குறைவு. அரசாங்க மருத்துவமனைகளில் இளம் மருத்துவர்கள் 2016 முதல் ஒப்பந்த முறையில் எடுக்கப்படுவதும், 2021 ஜூலையில் அவர்கள் வெளிநடப்புச் செய்ததும் செய்தியாக வந்த பிறகும் அந்த ஆசை குறையவில்லை. ஆசைப்படட்டும். ஆனால் ஐந்து ஆண்டுப் படிப்புக்கு முன்னால், காயத்தைப் பார்த்தால் மயங்குவோமா என்று தெரிந்துகொள்ள செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் ஆகியவற்றின் பள்ளிப் பிரிவுகள் இருக்கின்றன. பத்துமலையில் தைப்பூசத்தன்று முதலுதவிக் கூடாரத்தில் ஓர் இரவு நின்ற பிள்ளைக்கு, நீரிழப்பும் ரத்த அழுத்தமும் பாடப் புத்தகச் சொற்களாக இருக்காது. நேர்காணலில் 'மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்' என்ற மனப்பாட வாக்கியத்துக்குப் பதிலாகச் சொல்ல உண்மையான ஒரு சம்பவம் இருக்கும்.

இந்தச் சமூகத்துக்குக் கல்வித் தன்னார்வம் புதிதல்ல. டாக்டர் எம். தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டே ஊர் ஊராகப் பாடம் நடத்தியது. மேலே படிக்கிறவன் கீழே படிக்கிறவனுக்குச் சொல்லித் தரவேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. விடுபட்ட கண்ணி இடையில் இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர் வந்து பாடம் நடத்துகிறார்; தமிழ்ப்பள்ளிப் பிள்ளை உட்கார்ந்து கேட்கிறது; நான்காம் படிவ மாணவருக்கு இரண்டு பக்கமும் இடமில்லை. ஆனால் தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுக்கு நீதிபதியைத் தேடி அலையும் பொறுப்பாசிரியருக்கு, சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வந்து பிள்ளைகளோடு தரவு எடுக்கக்கூடிய முன்னாள் மாணவர் நான்கு பேர் கிடைத்தால் எவ்வளவு பாரம் குறையும்! அந்த நான்கு பேருக்குப் பயன் இன்னும் அதிகம். சொல்லிக் கொடுக்கும்போதுதான் தமக்கே எது புரியவில்லை என்று தெரியும். தமிழில் படித்ததை மலாய் மொழியில் தேர்வு எழுதிவிட்டு மறுபடி தமிழில் விளக்கும்போது கருத்து கெட்டிப்படும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. பள்ளிக்கு வெளியே செய்த சேவை பள்ளிப் பதிவேட்டில் தானாக ஏறாது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்: எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன பணி, எந்த அளவிலான நிகழ்ச்சி என்று தெளிவாக. நடவடிக்கை தொடங்குமுன்பே இடைநிலைப்பள்ளியின் புறப்பாடத் துணைத் தலைமையாசிரியரிடம் தெரிவித்துவிடுவது நல்லது. சான்றிதழை ஃபைலில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, ஐந்தாம் படிவம் முடியும்போது தேடி எடுக்கிறவர்கள் உண்டு. அதற்குள் அந்த ஆண்டின் புள்ளி முடிவாகிவிட்டிருக்கும்.

பதக்கம் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், கசப்பாக இருந்தாலும். பல புத்தாக்கக் கண்காட்சிகளில் தங்கம் என்பது முதலிடம் அல்ல. குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டிய எல்லாக் குழுவுக்கும் தங்கம் உண்டு. பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லாம் பெற்றோர் தலையில். கொடையாளரைத் தேடிக் கடிதம். பிள்ளைக்கு மேடை அனுபவம் கிடைக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு குழு வெளிநாடு போய்வரும் செலவில் ஒரு தோட்டத்துக்கு எத்தனை புதன்கிழமை வேன் ஓட்டலாம் என்று பள்ளி வாரியமும் கோயில் நிர்வாகமும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேனில் ஏறிய பிள்ளைகளின் படம் எந்தப் பத்திரிகையிலும் வராது. அதனால்தான் அதற்கு நன்கொடை கிடைப்பது கடினமாக இருக்கிறது.

அடுத்த தவணை தொடங்கும்போது பெற்றோர் கேட்கக்கூடியவை மூன்றே. பிள்ளை எந்தக் கழகத்தில் பெயர் கொடுத்திருக்கிறது? புதன்கிழமை எத்தனை மணிக்கு முடிகிறது? அதே பாதையில் வரும் வேறு பிள்ளைகள் யார் யார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்தால், நான்கு வீடு சேர்ந்து வேன்காரரிடம் பேசிவிடலாம். ஐந்து மணி நடை ஒன்றுக்கு நான்கு வீட்டுக் காசு சேர்ந்தால் அவரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்.